பொறுக்கச் சொல்லிக் கொடுத்தேன்

இந்தச் செப்டெம்பரிலிருந்து எங்கள் ஞாயிறு செஸ் வகுப்பை நீங்கள் நாலு பேரும் பொறுப்பெடுக்கிறீர்கள். உங்களுக்காக உற்சாகமாக ஏதாவது எழுதித் தரும்படி நிர்வாகக் குழுவில் கேட்டார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் என்னிடம் வரக்கூடாது என்பது என்னிடம் படித்த எல்லோருக்கும் தெரியும். குழுவில் இருப்பவர்கள் யாரும் என்னிடம் படிக்கவில்லை போலிருக்கிறது.

எந்த நகர்வு நல்லது, எது கெட்டது என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உங்கள் கையிலிருக்கும் போன் அதை என்னைவிடத் திருத்தமாகச் சொல்லும். எதிரே இருக்கும் மனிதர் ஒரு கேள்வியை எதற்காகக் கேட்கிறார் என்பதை மட்டும் அது சொல்லாது. என் வேலைக்காலத்தில் ஒருமுறை எனக்கும் அது தெரியாமல் போனது. அதைத்தான் எழுதப் போகிறேன். நான் வென்று கொடுத்த கிண்ணங்கள் மண்டபத்து அலுமாரியில் இருக்கின்றன, விரும்பினால் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்குச் சொல்லித் தந்தவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பெயர் சொல்லமாட்டேன். சொன்னால் அவருக்குப் பிடிக்காது. நான் டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்த காலத்தில், நகரத்துக் கழகமொன்றில் அவரைச் சந்தித்தேன். தபால் நிலையத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கியூபெக்காரப் பெண். நான் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் விளையாடியவள், ஆகவே எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. எனக்குத் தெரிந்ததெல்லாம் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளிவிட்டு ராணியை எடுத்துக்கொண்டு ஓடுவதுதான். அவர் என்னை மூன்று ஆட்டங்களில் துடைத்துவிட்டு, இனிமேல் ராணிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயில்தான் தொடங்கவேண்டும் என்றார். ஓடுகிறவர்களை நிறுத்துவதற்கு அந்த ஆட்டம்தான் மருந்து என்றும் சொன்னார்.

அந்த ஆட்டத்தின் அடிப்படை உங்களுக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் வகுப்பில் சொல்வதுபோலவே சொல்கிறேன். வெள்ளை ராணியின் சிப்பாய் இரண்டு கட்டம் வருகிறது. கறுப்பும் அப்படியே வந்து எதிரே நிற்கிறது. வெள்ளை, பக்கத்துச் சிப்பாயையும் இரண்டு கட்டம் தள்ளி, வேண்டுமென்றால் எடுத்துக்கொள் என்று நீட்டுகிறது. கறுப்பு உடனே எடுத்தால், வெள்ளையின் பிஷப் ஒரே பாய்ச்சலில் வந்து அதைத் திருப்பி எடுத்து நல்ல இடத்தில் உட்கார்ந்துவிடும். அதே பிஷப் முதலில் தானாக ஒருமுறை நகர்ந்த பிறகு கறுப்பு எடுத்தால், பிஷப் இரண்டாம் தரமும் நகரவேண்டி வரும். வெள்ளைக்கு ஒரு நகர்வு வீண். ஆகவே கறுப்பு எடுக்காமல் பொறுக்கும். வெள்ளையும் பிஷப்பைத் தொடாமல் பொறுக்கும். இருவரும் வேறு வேறு காய்களை நகர்த்திக்கொண்டு, மற்றவர் முதலில் அசையட்டும் என்று பார்த்திருப்பார்கள்.

என் கை அந்தச் சிப்பாயை எடுக்கப் போகும்போதெல்லாம் அவர் பிரெஞ்சில் "பா ஆங்கோர்" என்பார். இன்னும் இல்லை என்று அர்த்தம். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த இரண்டு சொல்லைத்தான் கேட்டேன். கடைசியாக ஒருநாள், சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு வீட்டுக்குப் புறப்படுகிற நேரத்தில், இந்தப் பாடத்துக்கு ஒரு மறுபாதி இருக்கிறது என்று அதையும் சொல்லிவிட்டுப் போனார். அந்த மறுபாதியைப் பிறகு சொல்கிறேன். பிறகு சொல்லலாம் என்றுதான் நானும் என் வகுப்பில் விட்டுவைத்தேன்.

பெரியவர்களுக்கான வகுப்பை நான் தொடங்கியபோது எட்டுப் பேர் வந்தார்கள். எல்லோரும் எங்கள் ஆட்கள், எல்லோரும் ஊரில் ரியூசனுக்குப் போய்ப் படித்தவர்கள். செஸ் பழக வந்தவர்கள் கையில் கொப்பியும் சிவப்புப் பேனையும் இருந்தன. நான் வாயைத் திறந்தால் எட்டுப் பேனையும் திறக்கும். தும்மினாலும் எழுதிவிடுவார்களோ என்று பயந்திருக்கிறேன். வெள்ளைக்காரர் வகுப்பிலென்றால் ஏன், எதற்கு என்று என்னைப் பிய்த்துத் தின்பார்கள். இவர்கள் கேட்கமாட்டார்கள். ரீச்சர் சொன்னால் அதுதான் விடை, அடியில் கோடு. எனக்கு அது நன்றாகப் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

அந்தப் பழக்கம் எவ்வளவு பொல்லாதது என்று முதல் மாதமே தெரிந்திருக்க வேண்டும். பக்கத்துச் சிப்பாய்க்கு வழிவிடாமல் அதன் முன்னால் குதிரையைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடாது என்று ஒருநாள் சொன்னேன். அடுத்த ஞாயிறு ஒருவர், குதிரை அங்கே போயிருந்தால் வென்றிருக்கக்கூடிய ஆட்டத்தில், போகாமல் விட்டுத் தோற்றார். ஏன் என்று கேட்டதற்குக் கொப்பியைத் திறந்து காட்டினார். எல்லோரும் சிரித்தோம், நானும் சிரித்தேன்.

அந்த எட்டுப் பேரில் ஒருவர் நவரத்தினம் அண்ணை. என்னைவிட நாலு வயது மூத்தவர். டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு ஏற்றுகிற இடத்தில் முப்பது வருடம் வேலை செய்து, முழங்கால் இரண்டும் போய், நேரத்தோடு ஓய்வெடுத்தவர். மனைவியோடு நகரத்துக்குள்ளே கோட் டே நேஜ் பகுதியில் இரண்டாம் மாடியில் இருந்தார். முதல்நாளே என்னிடம் வந்து, வெள்ளைக்கு ராணிச் சிப்பாய் ஆட்டம் மட்டும் பழக்கிவிட்டால் போதும், மற்றது எதுவும் வேண்டாம் என்றார். கடையில் வந்து அரைக் கிலோ வெங்காயம் கேட்பதுபோலக் கேட்டார். ஏன் அது மட்டும் என்று கேட்டேன். அந்த வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி. குலசிங்கம் என்று பெயர், அவர் குலம் என்பார். இருவரும் ஒன்றாக இந்த நாட்டுக்கு வந்தவர்கள். முதல் மூன்று குளிர்காலமும் ஒரே அறையில் இருந்து, வேலையால் வந்ததும் செஸ் விளையாடியிருக்கிறார்கள். யாரோ வெளியே எறிந்த பலகை. அதில் வெள்ளை பிஷப் ஒன்று இல்லை, பதிலுக்கு இருமல் மருந்துப் போத்தலின் மூடியை வைத்தார்களாம். இருவருக்கும் தெரிந்தது ராஜாச் சிப்பாய் ஆட்டம் மட்டுமே. அதில் தம்பிதான் எப்போதும் வெல்லுவார். பிறகு கலியாணம், பிள்ளைகள், வேலை. தம்பி கர்க்லாண்டில் வீடு வாங்கிக்கொண்டு போனார். காரில் அரை மணி நேரம்கூட இல்லை. அந்த அரை மணி நேரத்தை இருவரும் ஆறு வருடமாகக் கடக்கவில்லை.

காரணம் ஒரு கலியாண அழைப்பிதழ். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஆனால் உங்களில் இரண்டு பேர் இங்கே பிறந்தவர்கள் என்பதால் சொல்கிறேன். கலியாணத்துக்குச் சொல்வதென்றால் கணவனும் மனைவியுமாக வீட்டுக்கு வந்து, அழைப்பிதழைக் கையில் கொடுத்து, வாயால் சொல்லவேண்டும். அதுவும் கூடப்பிறந்த அண்ணனுக்கு முதலாவதாகச் சொல்லவேண்டும். குலசிங்கத்தின் மகளுடைய கலியாணத்துக்கு நவரத்தினம் அண்ணைக்கு அழைப்பிதழ் வாட்ஸ்அப்பில் வந்தது. ஊருக்கெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொன்னவன், கூடப்பிறந்தவனுக்குப் போனில் அனுப்பினான் என்று அவர் கலியாணத்துக்குப் போகவில்லை. மகளை வாழ்த்த அண்ணன் வரவில்லை என்று தம்பியும் அதன்பிறகு போன் எடுக்கவில்லை. அவர் வந்து மன்னிப்புக் கேட்கட்டும் என்று இவர். இவர் வந்து ஏன் வரவில்லை என்று சொல்லட்டும் என்று அவர்.

ஆனால் நவரத்தினம் அண்ணைக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. என்றாவது ஒருநாள் இது தீரும், தீர்ந்த அன்று இருவரும் பலகைக்கு முன்னால் உட்காருவார்கள் என்று. அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் என்னிடம் வந்திருந்தார்.

"அவனுக்கு இந்த ஆட்டம் தெரியாது ரீச்சர்," என்றார். "ராஜாச் சிப்பாயைத்தான் பாத்துக்கொண்டு இருப்பான். நான் இதைத் தள்ளேக்க அவன்ர மூஞ்சையைப் பாக்கவேணும்."

அதைச் சொல்லும்போது மட்டும்தான் அவர் சிரித்து நான் கண்டிருக்கிறேன்.

அடுத்த ஒக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெளியே நல்ல மழை. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எங்கள் மண்டபம், நீங்கள் அறிவீர்கள், மழை வந்தால் ஒரு மூலையில் வாளி வைக்கவேண்டும். கழகப் போட்டிக்கு யாரோடு யார் என்று நான் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேர் தங்களை மாற்றிவிடும்படி என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். சுவரில் பெரிய பலகையில் அன்றைய பாடம் தொங்கியது. நான் மேலே சொன்ன அதே நிலை: வெள்ளை சிப்பாயை நீட்டியிருக்கிறது, கறுப்பு எடுக்காமல் நிற்கிறது.

நவரத்தினம் அண்ணை வந்து என் மேசைக்குப் பக்கத்தில் நின்றார். கோட்டைக் கழற்றவில்லை. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ரீச்சர், ஒண்டு கேக்கலாமோ?"

"கேளுங்கோ அண்ணை."

"தம்பிக்குச் சுகமில்லையாம். கான்சர் எண்டு டோர்வலில என்னோட வேலை செய்தவர் சொன்னவர். எனக்கு அவன் சொல்லேல்லை." பிறகு கேட்டார். "நான் போறதோ, அவன் சொல்லுமட்டும் இருக்கிறதோ?"

இந்த இடத்தில் நான் எழுந்து, அவரைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரையில் இருத்தி, கோட்டைக் கழற்றச் சொல்லியிருக்க வேண்டும். பட்டியலைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். அவர் என்னிடம் வந்த ஒரு வருடத்தில் செஸ் அல்லாத ஒன்றைக் கேட்டது அதுதான் முதல்தடவை. நான் செய்தது இவ்வளவுதான்: கையிலிருந்த பேனையால் சுவரிலிருந்த பலகையைக் காட்டினேன்.

"பொறுங்கோ அண்ணை," என்றேன். "சொல்லவேண்டியது அவர். முதல் அவர் அசையட்டும். இப்ப நீங்கள் போனால் உங்களுக்குத்தான் நட்டம்."

பக்கத்தில் நின்றவர்கள் ஓமோம் என்றார்கள். உவமை நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்குள்ளே ஒரு சந்தோஷம். நவரத்தினம் அண்ணை தலையாட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போய்க் கொப்பியைத் திறந்தார். அவர் என்ன எழுதுகிறார் என்று நான் பார்க்கவில்லை.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். வேலை நெருக்கடி என்று சொல்லித் தப்பலாம். உண்மை அதுவல்ல. அதற்கு இரண்டு மாதம் முன்னால் லவாலில் இருக்கும் என் அக்காவின் மகன் தன் கலியாண அழைப்பிதழை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். தூக்கி வளர்த்த பிள்ளை. நான் பதில் போடவில்லை, கலியாணத்துக்கும் போகவில்லை. அந்தக் கோபம் அப்படியே என் வயிற்றில் கிடந்தது. நவரத்தினம் அண்ணைக்கு நான் கொடுத்தது செஸ் அறிவுரையே அல்ல. என் கோபத்துக்குச் செஸ் உடுப்புப் போட்டு அனுப்பினேன். அவர் அதை ரீச்சரின் விடை என்று எடுத்துக்கொண்டார்.

நவம்பர், டிசம்பர் போனது. அவர் ஒரு வகுப்பும் தவறவில்லை. ஆட்டம் நன்றாகத் தேறியது. தன் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கிற பிஷப்பை எப்படி வெளியே கொண்டுவருவது, துணையில்லாமல் தனியே நிற்கிற சிப்பாய் எப்போது பலம், எப்போது பாரம் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்தது. ஜனவரியில் கழகப் போட்டியில், தன்னைவிட நன்றாக விளையாடும் ஒருவரோடு கறுப்புக் காய் அவருக்கு விழுந்தது. எதிராளி சிப்பாயை நீட்டினார். இவர் எடுக்கவில்லை. பத்து நகர்வு எடுக்கவில்லை. எதிராளி பொறுமையிழந்து பிஷப்பை அசைத்தார். இவர் உடனே எடுத்தார். அந்த ஒரு நகர்வு முன்னிலையைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டுபோய் வென்றார்.

நான் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று கைதட்டினேன். பொறுமை என்றால் இதுதான், பார்த்துப் படியுங்கள் என்றேன். அவர் எழுந்து நின்றார், ஆனால் சிரிக்கவில்லை. ஏதோ சொல்ல வந்ததுபோல இருந்தது. நான் அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். தம்பி எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை. ஒக்டோபரிலிருந்து ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. நான் சொன்னது பிழை என்றால் அதற்கு வேறு நியாயங்கள் தேடலாம், கேட்காமல் விட்டதற்கு ஒரு நியாயமும் கிடையாது.

பெப்ரவரியில் ஒரு காலை, எங்கள் தெருமுனை டெப்பனர் கடையில் பால் வாங்க நிற்கும்போது போனுக்கு ஒரு மரண அறிவித்தல் வந்தது. நாளுக்கு ஒன்றாவது வரும், பெரும்பாலும் பார்க்காமல் விடுவேன். படத்தில் இருந்த முகத்தை எங்கோ கண்டதுபோல இருந்ததால் வாசித்தேன். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும், கர்க்லாண்டை வதிவிடமாகவும் கொண்ட குலசிங்கம். மனைவி பெயர், மகள் பெயர், மருமகன் பெயர். அதற்குக் கீழே, நவரத்தினம் அவர்களின் பாசமிகு சகோதரரும் என்று இருந்தது. நான் கண்டதுபோல நினைத்த முகம் நவரத்தினம் அண்ணையின் முகம். காசு கொடுத்தேனா, பாலை எடுத்தேனா என்று நினைவில்லை.

அவருக்கும் அந்தச் செய்தி அப்படித்தான் போயிருக்கிறது. தன் பெயரைத் தானே வாசித்துத்தான் தம்பி இறந்ததை அறிந்திருக்கிறார். அழைப்பிதழ் வந்த அதே போனில் அதுவும் வந்தது. தம்பி வீட்டில் யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் போன் எடுக்கமாட்டார் என்று நினைத்து, யாரோ மருமகனின் நண்பர்கள் எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்பிவிட்டார்கள்.

உடலைப் பார்வைக்கு வைத்த இடத்துக்கு நானும் போனேன். முன்வரிசைகளில் வீட்டுக்காரரும் உறவினரும் இருந்தார்கள். நவரத்தினம் அண்ணை கடைசி வரிசையில், வாசலுக்குப் பக்கத்தில், அறிமுகமில்லாதவர்போல இருந்தார். மனைவி பக்கத்தில் இருந்தார். உடலைப் பார்த்துவிட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. நான் போய் அவருக்கு அடுத்த கதிரையில் உட்கார்ந்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையை அசைத்தார், அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் குலசிங்கத்தின் மனைவி எழுந்து நடுவழியால் வந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. சண்டை போடப் போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. அவர் வந்து நவரத்தினம் அண்ணைக்கு முன்னால் குந்தி இருந்து, அவருடைய கையைப் பிடித்தார்.

"ஏன் அத்தான் இங்க இருக்கிறியள்? முன்னுக்கு வாங்கோ," என்றார்.

அவர் எழும்பவில்லை. அப்போதுதான் அந்தப் பெண் அழைப்பிதழ்க் கதையைச் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவருக்கே அன்றைக்கு அதைச் சொல்லித் தீர்க்கவேண்டி இருந்திருக்கிறது.

"உங்கட வீட்டுக்குத்தான் முதல் வந்தனாங்கள் அத்தான். அண்டைக்குப் பனி அள்ளுற நாள். ரோட்டு முழுக்கக் கார் நிப்பாட்டேலாது எண்டு போட்டிருந்தது, கார் இழுக்கிறவங்கள் ஊதிக்கொண்டு திரிஞ்சவங்கள். நாலு தரம் சுத்திச் சுத்தி வந்தவர். இடம் கிடைக்கேல்லை. பேந்து வருவம் எண்டு திருப்பினவர். பேந்து மண்டபம், உடுப்பு, அது இது எண்டு நாள் போட்டுது. கடைசியில வேற வழியில்லாமல் போனில அனுப்பினவர். அதுக்குப் பிறகு உங்கட முகத்தில முழிக்க வெக்கம் அவருக்கு."

கார் நிறுத்த இடம் கிடைக்காததுதான் காரணம். இந்த நகரத்தில் குளிர்காலத்தில் எத்தனையோ தரம் எங்கள் எல்லோருக்கும் நடந்திருக்கும். பின்னேரம் ஆரஞ்சு விளக்கோடு வண்டி வரும், சங்கு ஊதும், வந்த வீட்டுக்குப் போகாமலே திரும்புவோம். அந்தத் தெருவின் இரண்டாம் மாடி யன்னலால் நவரத்தினம் அண்ணை அன்றைக்கு எட்டிப் பார்த்திருந்தால் தம்பியின் கார் போவதைக் கண்டிருப்பார்.

"கான்சர் எண்டு தெரிஞ்ச பிறகும் நான் சொன்னனான்," என்றார் அந்தப் பெண். "ஒருக்கா அண்ணைக்கு எடுத்துக் கதையுங்கோ எண்டு. அவருக்குக் கேள்விப்படும், கேள்விப்பட்டால் வருவார், வரேக்க கதைப்பன் எண்டு இருந்தவர். ஆஸ்பத்திரியிலயும் வாசலைத்தான் பாத்துக்கொண்டு இருந்தவர்."

நவரத்தினம் அண்ணை "ஓம்" என்றார். பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அந்த முழங்கால்களோடு மெல்ல மெல்ல முன்னுக்குப் போனார். நான் வெளியே வந்து பனிக்குள் நின்றேன். எனக்கு என்மேல் வந்த வெறுப்பை என்ன வார்த்தையில் எழுதுவதென்று தெரியவில்லை. ஒக்டோபர் மழையில் சொட்டச் சொட்ட நின்ற மனிதரிடம் நான் பேனையை நீட்டிச் சுவரைக் காட்டினேனே என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நாலு மாதம். அரை மணி நேர ஓட்டம். ஒரு சொல் சொல்லியிருந்தால் அன்றைக்கே போயிருப்பார்.

அந்தக் கிழமையே மெற்றோ எடுத்து லவாலுக்குப் போய் அக்காவின் மகன் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவனுக்கு நான் கோபித்திருந்ததே தெரிந்திருக்கவில்லை. சின்னம்மா சுகமில்லாமல் வராமல் விட்டாவாக்கும் என்று நினைத்திருந்தானாம். என் வெட்கக்கேட்டை அதோடு விடுகிறேன்.

நவரத்தினம் அண்ணை ஒரு மாதம் வகுப்புக்கு வரவில்லை. இனி வரமாட்டார் என்றுதான் நினைத்தேன், வராமல் விட்டால் நல்லது என்றும் ஒரு பக்கம் நினைத்தேன். மார்ச்சில் ஒரு ஞாயிறு, எல்லோரும் போன பிறகு வந்தார். கையில் ஒரு பழைய மடிப்புப் பலகை. தம்பி வீட்டில் கொடுத்தார்களாம். கர்க்லாண்ட் வீட்டின் நிலக்கீழ் அறையில் அத்தனை வருடமும் இருந்திருக்கிறது.

அன்றைக்காவது எனக்குப் புத்தி இருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து, அவருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் அண்ணை," என்றேன்.

"நீங்கள் செஸ்ஸுக்குச் சொன்னனீங்கள்," என்றார் அவர். "போகாமல் இருந்தது நான்."

அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை. பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார். பிறகு ஒவ்வொன்றாக நகர்த்தி, ஒக்டோபரில் சுவரில் தொங்கிய அதே நிலையைக் கொண்டுவந்தார். வெள்ளையின் நீட்டிய சிப்பாய், எடுக்காமல் நிற்கும் கறுப்பு. வெள்ளை பிஷப்பின் இடத்தில் இருமல் மருந்து மூடி இருந்தது. அதன் சிவப்பு நிறம் வெளிறிப்போயிருந்தது.

"ரீச்சர், இதில ரெண்டு பேரும் கடைசிமட்டும் பொறுத்துக்கொண்டே இருந்தால் என்ன நடக்கும்?"

எனக்குச் சொல்லித் தந்த பெண் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு சொன்ன மறுபாதி அதுதான். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அவசரக்காரர், ஆகவே பொறு என்று மட்டும் சொன்னால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று நான் எந்த வகுப்பிலும் சொல்லாமல் விட்டது. அதை அன்றைக்குத்தான் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னேன். பொறுப்பதென்றால் சும்மா இருப்பதல்ல. பொறுக்கிற ஒவ்வொரு முறைக்கும் பயனுள்ள நகர்வு ஒன்று கையில் இருக்கவேண்டும். கோட்டையைத் திறந்த வழிக்குக் கொண்டுவருவது, ராஜாவைப் பத்திரப்படுத்துவது, அப்படி ஏதாவது. அவை தீர்ந்த பிறகும் பொறுத்தால், நல்லபடி நிற்கும் காய்களை நாமே கெடுக்கத் தொடங்குவோம். அது தீருகிற நேரத்தைக் கணக்கெடுத்து, தீர்ந்ததும் தயங்காமல் முதலில் அசைந்துவிட வேண்டும்.

அவர் மூடியைத் தொட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பிடி முதல் அசையிறவனுக்கு எவ்வளவு நட்டம்?"

"ஒரு நகர்வு அண்ணை."

"ஒண்டுதானோ?"

"ஒண்டுதான்."

கோட்டுப் பையிலிருந்து கொப்பியை எடுத்து, பின்னுக்குத் தட்டி ஒக்டோபர் பக்கத்துக்குப் போனார். அன்றைக்கு அவர் எழுதியதை அப்போதுதான் கண்டேன். பொறுக்கவேண்டும், முதலில் அசைபவருக்கு நட்டம் என்று எழுதி, அடியில் சிவப்பில் இரண்டு கோடு போட்டிருந்தார். அதற்குக் கீழே இடம் இருந்தது. ஒரு நகர்வு மட்டும் என்று எழுதினார். கோடு போடவில்லை. பேனையை மூடிச் சட்டைப் பையில் வைத்தார்.

"இதையும் அண்டைக்கே சொல்லியிருக்கலாம் ரீச்சர்," என்றார்.

குரலில் கோபம் இருக்கவில்லை. நான் ஓம் என்றேன். அவர் காய்களைப் பையில் போட்டு, மூடியை மட்டும் தனியே கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, பலகையை மடித்துக்கொண்டு படியேறிப் போனார். அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவில்லை.

செப்டெம்பரில் நீங்கள் ராணிச் சிப்பாய் ஆட்டத்தைத் தொடங்குவீர்கள். உங்களுக்கு முன்னாலும் கொப்பியோடு எட்டுப் பேர் இருப்பார்கள். பொறுக்கச் சொல்லிக் கொடுக்கிற அன்றைக்கே எப்போது பொறுக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். நேரம் போதாது என்று கண்டால் அன்றைக்கு அந்தப் பாடத்தைத் தொடங்கவேண்டாம்.